‘தலைவர் பெயர்’ என்ற கட்டம்

விஸ்வநத்தத்தில் நான் எழுதுகிற மேசைக்கு மேற்கே ஒரு சன்னல் உண்டு. மழை பெய்து வெறித்த மறுநாள் காலையில் மட்டும் அதன் வழியே மலை தெரியும். மற்ற நாளெல்லாம் புழுதிதான். பக்கத்து அச்சகத்தில் காலண்டர் தாள் விழுகிற சத்தம் கேட்கும். எங்கேயோ ஒரு ஆலையில் வெடியைச் சோதித்துப் பார்ப்பார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பேர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு மலையில் இருப்பவர்களைப் பற்றி உனக்கென்ன ஆராய்ச்சி என்று கேட்டவர்கள் உண்டு. ஆராய்ச்சியாக நான் தொடங்கவில்லை. ஒரு படிவத்தை நிரப்பத்தான் உட்கார்ந்தேன்.

மாவட்ட ஊர் வரலாறுகளைத் தொகுக்கிற ஒருவர் எனக்கு மேற்குப் பக்கத்து ஊர்களைக் கொடுத்திருந்தார். ஊருக்கு ஒரு தாள். குடியிருப்பு, குடும்பங்கள், தொழில், தெய்வம், தலைவர் பெயர் என்று கட்டம் கட்டமாக அச்சடித்திருந்தது. நம் சமவெளி ஊர்களில் முதலில் நிரம்புவது அந்தத் தலைவர் கட்டம்தான். உறவின்முறை என்றால் முறைகாரர் இருப்பார், மகமைக் கணக்கு இருக்கும். மற்ற ஊர்களில் நாட்டாண்மை, அம்பலம், பழைய கிராம முன்சீப் குடும்பம் என்று ஒரே தலைவருக்கு மூன்று பேர் போட்டிக்கு வருவார்கள். செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில், தாணிப்பாறை, அத்திகோயில் என்று மலையடிவாரத்துப் பளியர் பழங்குடிக் குடியிருப்புகளின் தாள்களில் மட்டும் அந்தக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. தொகுப்பாளர் தாள்களைத் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே சொல்: ‘விசாரிக்கவும்.’

போன தலைமுறையில் யார் தலைவர், அதற்கு முந்தைய தலைமுறையில் யார் என்று பழைய காகிதத்தில் தேடிப் பிடித்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

முதல் முட்டுக்கட்டை, எந்த மாவட்டத்தின் காகிதத்தைத் தேடுவது என்பதிலேயே வந்தது. அந்தக் குடியிருப்புகள் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதி 1910 வரை திருநெல்வேலி மாவட்டம். அந்த ஆண்டு ராமநாதபுரம் மாவட்டத்தை உருவாக்கியபோது மதுரையிலிருந்து கொஞ்சமும் திருநெல்வேலியிலிருந்து கொஞ்சமும் வெட்டி ஒட்டினார்கள். சிவகாசியும் அப்படித்தான் போனது. அதுவரை அது திருநெல்வேலிச் சாத்தூர் தாலுகாவில் ஓர் ஊர். 1985-ல் ராமநாதபுரத்தை மூன்றாகப் பிரித்தபோது நாங்கள் காமராஜர் மாவட்டம் ஆனோம். பின்னர் விருதுநகர் மாவட்டம். மலை இருந்த இடத்தில் இருந்தது. அதைப் பற்றிய கோப்புகள் மட்டும் ஊர் ஊராகப் போயின.

இதில் ஒரு வேடிக்கை. மதுரைக்கு நெல்சன் எழுதிய நூல் 1868-ல் வந்தது. திருநெல்வேலிக்கு ஸ்டூவர்ட்டின் கையேடு 1879-ல். மதுரை கெசட்டியரை பிரான்சிஸ் 1906-ல் எழுதினார். அதில் இருக்கிற பளியர் மேல்பழனி மலையிலும் வருசநாட்டுப் பள்ளத்தாக்கிலும் இருந்தவர்கள். திருநெல்வேலி கெசட்டியரை பேட் 1917-ல் கொண்டுவந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர் அவர் மாவட்டத்தில் இல்லை. அது போய்ச் சேர்ந்த ராமநாதபுரத்துக்கோ 1972 வரை கெசட்டியரே கிடையாது. ஆக, எங்கள் மலைப் பளியர் இரண்டு மாவட்டங்களின் தையல் விட்ட இடத்தில் விழுந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் எந்தக் கெசட்டியரிலும் ஏறாமல் இருந்திருக்கிறார்கள். யாரும் மறைத்து வைக்கவில்லை. கோடு நகர்ந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது முட்டுக்கட்டை எழுத்து. எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் செங்கல் கட்டடத்துக்குள் போகிறவர்களுக்குத் தெரியும்: அங்கே தேடுவது ஆளை அல்ல, எழுத்துக்கூட்டலை. ஆங்கிலத்துக்கு ளகரமும் ஒன்றுதான், லகரமும் ஒன்றுதான், ழகரமும் ஒன்றுதான். பளியன், பல்லியன், பள்ளியன் என்று எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. கொஞ்சம் கவனம் தப்பினால் பள்ளரும் புலையரும் அதே அடுக்கில் வந்து நிற்பார்கள். ஒரு நாள் முழுக்க நகலெடுத்துக்கொண்டு வந்த பக்கங்களில் பாதி வேறு மக்களைப் பற்றியது என்பது ரயிலில் படித்தபோதுதான் தெரிந்தது.

இது வெள்ளைக்காரன் காதுக் கோளாறு என்று விட்டுவிடவும் முடியவில்லை. தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில், 2023-ல் நரிக்குறவரும் குருவிக்காரரும் சேர்க்கப்படும்வரை 36 இனங்கள். அதில் பல்லேயன், பள்ளியன், பள்ளியர் என்று அடுத்தடுத்து மூன்று வரிகள் இருக்கின்றன. ஒரே மக்கள், மூன்று எழுத்துக்கூட்டல், மூன்று வரிசை எண். சான்றிதழ் வாங்கப் போகிறவர் தான் எந்த எண்ணுக்குரியவர் என்று தாலுகா அலுவலகத்தில் சொல்ல வேண்டும்.

சரியான தடயம் கிடைத்தது காப்பகத்தில் அல்ல, அதற்குக் கூப்பிடு தூரத்தில். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தன் உதவியாளர் ரங்காச்சாரியோடு அவர் தொகுத்த ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ 1909-ல் ஏழு தொகுதிகளாக வந்தது. ஐந்தாம் தொகுதியில் பளியர் வருகிறார்கள். தான் நேரில் போய்ப் பார்த்தவர்கள் வடக்குத் திருநெல்வேலிப் பளியர் என்கிறார். 1910-க்கு முந்தைய வடக்குத் திருநெல்வேலியின் மலையடிவாரம் என்றால் எங்கள் சன்னலில் தெரிகிற அதே மலைத்தொடர்தான். அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்து வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

தர்ஸ்டன் கையில் அளவுகோலோடு போனவர். மூக்கை அளந்தார், தலையை அளந்தார். சராசரி உயரம் 150.9 சென்டிமீட்டர் என்று எழுதி வைத்தார். பத்து வரை எண்ணத் தெரிந்தவரே சிலர்தான் என்றும், தன் பெயரையே மறந்துபோன பெண்ணும் உண்டு என்றும் எழுதினார். இந்த இரண்டு வரியைத்தான் பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகத் திருப்பி எழுதினார்கள். அதே பக்கங்களில் அவர் போகிற போக்கில் போட்டுவிட்டுப் போன மற்ற செய்திகளை யாரும் சட்டை செய்யவில்லை.

அவற்றில் ஒன்று, தான் அவர்களைச் சந்தித்ததே வனப்பொருள் குத்தகைதாரரின் செல்வாக்கால்தான் என்று அவரே ஒப்புக்கொள்வது. வேம்பாடம் வேர்ப்பட்டை, கடுக்காய், தேன், மெழுகு எல்லாம் பளியர் சேகரித்துக் குத்தகைதாரரிடம் கொடுக்க வேண்டும். அவர் பதிலுக்கு அரிசி, புகையிலை, வெற்றிலை பாக்கு, மிளகாய், புளி, உப்பு கொடுப்பார். காசு புழங்குவதில்லை. போதாததற்குத் தோண்டுகோலால் அகழ்ந்த வள்ளிக்கிழங்கும் காட்டுப் பழமும். இப்போது அந்த ‘பத்து வரை எண்ணத் தெரியாது’ என்பதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். எத்தனை படி கடுக்காய்க்கு எத்தனை படி அரிசி என்று எண்ணுகிற வேலை முழுக்க யாரிடம் இருந்தது? இவர்களுக்கு எண்ணத் தெரியாது என்பதில் யாருக்கு ஆதாயம்? தர்ஸ்டனைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, இவர்கள் இப்படித்தான் ஐயா என்று சொல்லியிருக்கக்கூடியவர் யார்? என் ஊகம்தான் இது. வனத்துறை யாருக்குக் குத்தகை விட்டது என்பது அரசாங்கக் காகிதம்; காப்பகத்துக்கு வரும். அந்தக் குத்தகைதாரர் மலையில் எவ்வளவு அளந்தார் என்ற நோட்டு அவர் வீட்டு மச்சில் கரையானுக்குப் போயிருக்கும்.

அளக்க விட்டதற்குக் கூலியாக தர்ஸ்டன் ஒரு விருந்து போட்டார். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால், இரண்டு அரைவட்டமாகப் புல்லில் உட்கார்ந்து தேக்கிலையில் சாப்பிட்டார்கள். கறி இல்லையே, புது வேட்டி கொண்டுவரவில்லையே என்று முகத்துக்கு நேரே குறை சொன்னார்கள். இந்த அழுக்குத் துணியையும் பாசிமணியையும் விட்டுவிட்டு உங்கள் முன்னோர் மாதிரி தழை உடைக்குத் திரும்புங்களேன் என்று அவர் சொன்னதற்குச் சிரித்தார்களாம். அவருக்கு வேண்டியிருந்தது தழை கட்டிய ஆதிவாசியின் படம். இவர்களோ படம் எடுக்கிறார்கள் என்றதும் சந்தனம் பூசிக்கொள்ள முண்டியடித்தார்கள். மாட்டிறைச்சி சாப்பிடுவீர்களா என்று கேட்டபோது அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, மற்றதெல்லாம் கேள், இதைக் கேட்க உனக்கு உரிமையில்லை என்ற பொருளில் வெடுக்கென்று சொல்லிவிட்டாள். இன்னொருவர் அவருடைய கேமராப் பெட்டியைத் தூக்க மறுத்தார். அதில் தோல் வார் இருந்தது.

தலைவரைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு இந்த விருந்துப் பந்தி முக்கியம். முதல் இலை யாருக்கு விழுந்தது? யார் எழுந்து நின்று துரையிடம் பேசியது? அப்படி ஒரு ஆளை தர்ஸ்டன் காட்டவில்லை. பேசியவர்கள் என்று பார்த்தால் எல்லாரும் பேசியிருக்கிறார்கள். அதிகபட்ச அதட்டல் ஒரு கிழவியுடையது.

அங்கே இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதைக் குறிப்பேட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன், தலைவர் விவகாரத்துக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அவர்கள் தீ மூட்டியது சிக்கிமுக்கிக் கல், எஃகுத் துண்டு, இலவம் பஞ்சு ஆகிய மூன்றையும் வைத்து. புத்தகம் வந்து பதினான்கே வருடம் கழித்து, 1923-ல், அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பி வந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். தீக்குச்சிக்கு ஏற்ற மென்மரங்களில் இலவும் ஒன்று. மலையில் அதன் பஞ்சில் பொறி விழுந்தது. முப்பது கிலோமீட்டருக்குள் அதன் கட்டையைச் சீவிக் குச்சியாக்கினார்கள்.

திரும்பவும் வழக்குக்கு வருகிறேன். தர்ஸ்டன் சொல்கிற இன்னும் சில வழக்கங்கள்: பெண்ணின் தகப்பன் அவள் கையை மாப்பிள்ளை கையில் பிடித்துக் கொடுத்து, கிழங்கும் கீரையும் கொடுத்துக் காப்பாற்று என்பான், கல்யாணம் அவ்வளவுதான். மறுமணம் செய்துகொள்ளாத கைம்பெண்ணுக்கு அந்தக் குடியிருப்பு ஆண்கள் எல்லாரும் சேர்ந்து கிழங்கு கொண்டுவந்து தருவார்கள். இறந்தவரைப் புதைத்து மேலே ஒரு கல் வைத்துவிட்டு வந்தால் அந்த இடத்துக்குத் திரும்பிப் போவதில்லை.

இந்தக் கடைசிச் செய்திதான் என்னை உலுக்கியது. சமவெளியில் தலைமையை நாங்கள் எப்படி நிறுவுகிறோம்? கல்வெட்டு, நடுகல், சமாதி, அதில் வருடாவருடம் படையல். இன்னார் பேரன், ஆகையால் இன்ன முறை. கல்லறைக்குத் திரும்பாத மக்களிடம் பரம்பரையை எதில் தொங்கவிடுவது?

அந்தக் காலத்து மற்ற சாட்சிகளையும் விசாரித்தேன். டிரேசி என்ற பாதிரியாரின் குறிப்பை தர்ஸ்டனே சேர்த்திருக்கிறார். பெரியாற்று மலையடிவாரத்தில் நாற்பது பேர் இருந்த குடியிருப்புக்குப் போனவர். பக்கத்திலேயே தெளிந்த ஓடை இருந்தும் இவ்வளவு அழுக்கா என்று முகம் சுளித்ததைத் தவிர அவர் சாட்சியத்தில் சரக்கு இல்லை. ஏசு சபையைச் சேர்ந்த டாமன் பாதிரியார் பழனி மலைப் பளியரைப் பற்றி ‘ஆந்த்ரோபோஸ்’ இதழில் 1908-ல் எழுதியது எவ்வளவோ மேல். ஆனால் அது வேறு மலை, வேறு அண்டை அயலார்.

விடை கிடைத்தது, நான் தேடிய காலத்துக்கு வெளியே. பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1962 முதல் 1964 வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தச் சரிவில் பளியரோடு இருந்தார். 1978-ல் மறுபடி வந்தார். அவரிடம் அளவுகோல் இல்லை. ஆனால் தமிழ் இருந்தது, பொறுமையும் இருந்தது. 1966-ல் வெளியான அவருடைய கட்டுரையின் மையத்தில் ஒரு தமிழ்ச் சொல் உட்கார்ந்திருக்கிறது: தரக்குறைவு.

நமக்கு அது மேடையில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும்போது பயன்படுகிற சொல். தரக்குறைவாகப் பேசினார் என்போம். பளியர் பேச்சில் அது ஒரு சட்டம். யாரும் யாரையும் ஒரு படி கீழே இறக்கக் கூடாது. கட்டளையிடுவதும் தரக்குறைவு, போட்டி போடுவதும் தரக்குறைவு, நான்தான் கெட்டிக்காரன் என்று காட்டிக்கொள்வதும் தரக்குறைவு. புருஷன் பெண்டாட்டியை அதிகாரம் செய்ய முடியாது. ஓரளவு வளர்ந்த பிள்ளையைப் பெற்றவர்களும் அதட்டுவதில்லை. வேட்டை கிடைத்தால் இறைச்சியைச் சமமான கூறுகளாக வைத்து, எல்லாரும் பார்த்துச் சரி என்ற பிறகுதான் எடுப்பார்கள். (பத்து வரை எண்ணத் தெரியாதவர்கள் என்றார்களே, அவர்கள்தான்.)

சண்டை வந்தால்? பஞ்சாயத்து இல்லை, தீர்ப்பு இல்லை. யாராவது ஒருவர் நடுவில் புகுந்து ஒரு கேலி சொல்லியோ இதமாகப் பேசியோ சூட்டைத் தணிக்கப் பார்ப்பார். தணியவில்லை என்றால் ஒருவர் கிளம்பிவிடுவார். வேறு குடியிருப்புக்கு, வேறு ஓடைக்கரைக்கு. புருஷன் பெண்டாட்டிச் சண்டைக்கும் அதே மருந்து. நோய்நொடி, மனக்குறை என்றால் சாமி இறங்கி ஒருவர் வழியாகப் பேசும். யோசனை சாமியுடையது, ஆளுடையதல்ல. வெளியாரிடம் பேச ஒருவர் முன்னால் வந்து நிற்பதுண்டு. வெளியார் அவரைத் தலைவர் என்று எழுதிக்கொள்வார்கள். ஊருக்குள் அவர் சொன்னால் அடுப்பில் ஒரு சுள்ளி எரியாது.

நான் தேடிய ஆள் தொலைந்துபோகவில்லை. இருந்ததே இல்லை.

கார்ட்னர் சொல்லும் இன்னொரு விஷயம், குடியிருப்புகளில் நான் பேச்சை ஒலிநாடாவில் எடுத்தபோது வந்த ஒரு சங்கடத்தையும் தீர்த்து வைத்தது. ஒரே செடியைக் காட்டி இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு பெயர் சொல்வார்கள். ஒருவர் மற்றவரைத் திருத்த மாட்டார். அவரவர் கண்டது அவரவருக்கு. செண்பகத்தோப்பில் நான் பதிவு செய்தபோது இதே கதைதான். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைத்து நாடாவை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.

இப்படிப்பட்டவர்கள் உலகத்தில் இவர்கள் மட்டுமல்ல. தான்சானியாவின் ஹாட்சா மக்களோடு வாழ்ந்த ஜேம்ஸ் உட்பர்ன், மேலாள் கீழாள் இல்லாத சமூகங்களைப் பற்றி 1982-ல் எழுதினார். அவர் காட்டிய சில உதாரணங்களில் நம் பளியரும் மலைப்பண்டாரம் என்ற பழங்குடியினரும் இருக்கிறார்கள். அன்றன்று கிடைப்பதை அன்றன்று உண்கிற பொருளாதாரத்தில் ஒருவர் இன்னொருவரைக் கட்டிப்போட வழியில்லை என்பது அவர் வாதம். பத்தாயம் இல்லாத வீட்டில் சாவிக்கொத்து யார் இடுப்பில் இருக்கும்?

இதைச் சொர்க்கம் என்று வர்ணிக்க எனக்கு மனம் வரவில்லை. கிளம்பிப் போவதுதான் இவர்களுடைய அரசியலின் ஒரே ஆயுதம். குதிரையைக் கண்டதும் பெண்கள் காட்டுக்குள் ஓடி மறைந்தார்கள் என்பதை தர்ஸ்டன் பயங்கொள்ளித்தனம் என்று எழுதினார். நான் வேறு மாதிரி படிக்கிறேன். அந்தக் காலத்தில் மலையடிவாரத்துக்குக் குதிரையில் வருகிறவர் யார்? உத்தரவு போடுகிறவர். உத்தரவு வந்தால் அந்த இடத்தில் இல்லாமல் போய்விடுவது ஒரு பதில்தான், போவதற்கு இடம் இருக்கிறவரை. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடு ‘காப்புக்காடு’ ஆனது. 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலை சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021 பிப்ரவரியில் அது மேகமலையோடு சேர்ந்து 1,016 சதுர கிலோமீட்டர் புலிகள் காப்பகம். அணிலும் புலியும் பிழைக்கட்டும், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒவ்வொரு அறிவிப்பும், சண்டை வேண்டாம் என்று எழுந்து போகிறவரின் வழியில் ஒரு வேலியாக விழுந்திருக்கிறது. எதிர்த்து நிற்கத் தெரியாத மக்கள் என்று எழுதுகிறார்கள். எதிர்த்து நிற்காமல் வாழ ஒரு வழி இருந்ததையும், அது அடைபட்டதையும் அதே கோப்பில் எழுதுவதில்லை.

வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. விதிகள் 2008 ஜனவரி முதல் தேதி. உரிமை கேட்க ஒரு குழு வேண்டும்; கிராம சபை அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; குழுவுக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர். காட்டைத் திரும்பக் கேட்பதற்கும் முதலில் அந்தக் கட்டத்தை நிரப்பியாக வேண்டும்.

தாளை எடுத்துக்கொண்டு கடைசியாக ஒருமுறை மலையடிவாரத்துக்குப் போனேன். தொகுப்பு வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி ஈஞ்சமாறு கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் எங்கள் ஊர்த் தீப்பெட்டி ஒன்று கிடந்தது.

“பாட்டி, இங்கே தலைவர் யாரு?”

“எதுக்குத் தம்பி? கையெழுத்து வேணுமா?”

“இல்லை. பெயர் மட்டும் வேணும்.”

அவர் தலையைத் தூக்காமலே உள்ளே பார்த்து, “ஏப்பா, யாரோ வந்திருக்காங்க பாரு” என்றார். இருபத்தைந்து வயசு இருக்கும், ஒரு பையன் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தான். சங்கதியைச் சொன்னேன். கூச்சமாகச் சிரித்தான்.

“ஆபீசில என் பேருதான் சார் இருக்கு. ஆனா தலைவருன்னு கேட்டா… பாட்டியைக் கேளுங்க.”

“என்னையவா? நான் எதுக்கு?” என்றார் பாட்டி, ஈர்க்கை இழுத்து முடிச்சுப் போட்டபடி.

இரண்டு பேரையும் பார்த்தேன். பேனா கையில் இருந்தது. பாட்டி தீப்பெட்டியை எடுத்துப் பையனிடம் நீட்டி, அடுப்பைப் பற்ற வைக்கச் சொல்லவில்லை. “பத்த வச்சா டீ குடிக்கலாம்” என்றார், பொதுவாக, காற்றைப் பார்த்து. கொஞ்ச நேரம் யாரும் எழவில்லை. பிறகு நான்தான் போய்ப் பற்ற வைத்தேன்.